நகராத புள்ளி

‘நெல்’ என்று டைப் அடிக்க நான்கு விசைகளைத் தட்ட வேண்டும்: கொம்பு, ந, புள்ளி, ல. கேரேஜ் நகர்வதோ மூன்று முறைதான். புள்ளியைத் தட்டினால் தாளில் புள்ளி விழும், கேரேஜ் நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்து ‘ல’வைத் தட்டும்போதுதான் அந்தப் புள்ளிக்குக் கீழே எழுத்து வந்து உட்கார்ந்து, கேரேஜும் ஒரு எட்டு தள்ளிப் போகும். கையால் எழுதுகிறவர் எழுத்தை முடித்துவிட்டு மேலே புள்ளி வைப்பார். டைப் அடிக்கிறவருக்குப் புள்ளி முந்தி வந்தாக வேண்டும். தமிழ் டைப்ரைட்டரின் வரலாறே இந்த ஒரு விசைக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த வரலாறு யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் தொடங்குகிறது. அங்கே 1886-இல் பிறந்த ஆர். முத்தையா, 1907-இல் மலாயாவுக்குப் போய் அங்கே வேலை பார்த்தார். தமிழுக்கு ஒரு டைப்ரைட்டர் செய்ய முனைந்தவர் அவர். ஆங்கில டைப்ரைட்டரில் இருப்பது நாற்பது நாற்பத்தைந்து விசைகள். ஷிப்டையும் சேர்த்தால் தொண்ணூறு எழுத்துகளுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும். தமிழுக்கோ 247. கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி எல்லாவற்றையும் தனியே பிரித்துவிடலாம்; பெரும்பாலான எழுத்துகளோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கு, சு, டு, து, மு என்று உகர வரிசையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம். இவற்றுக்குத் தனித்தனி இடம் கொடுத்தே ஆக வேண்டும். அப்படிக் கொடுத்தபின் க், ங், ச் என்று பதினெட்டு மெய்க்கும் இடம் எங்கே? பதினெட்டையும் ஒரே விசையில் அடக்கியது அந்த நகராத புள்ளி.

உத்தி புதிதல்ல. பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் வரும் குறிகளுக்காக ஐரோப்பிய எந்திரங்களில் நகராத விசை முன்பே இருந்தது. அது தமிழுக்குப் பொருந்தும் என்று கண்டு, எந்த எழுத்து எந்த விரலுக்கு என்று உட்கார்ந்து வகுத்தது முத்தையாவின் உழைப்பு. எழுத்துகளைக் குறைத்துவிடு, ரோமன் எழுத்துக்கு மாறிவிடு என்று எந்திரத்துக்காக மொழியை வெட்டச் சொன்ன குரல்கள் உலகில் பல இடங்களில் எழுந்த காலம் அது. அவர் அந்த வழியில் போகவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

எந்திரத்தைச் செய்து கொடுத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துச் சைடல் அண்ட் நௌமன். 1868-இல் தையல் மெஷின் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. சைக்கிளும் செய்தார்கள், ‘எரிகா’ என்ற சின்ன டைப்ரைட்டரும் செய்தார்கள். வெளிநாடுகளுக்கு அதே எந்திரம் ‘பிஜூ’ என்ற பெயரில் போயிற்று. முத்தையாவின் தமிழ் அந்த பிஜூவில் ஏறியது. 1945 பிப்ரவரியில் குண்டு வீச்சில் டிரெஸ்டன் எரிந்தது. போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலை கிழக்கு ஜெர்மனியின் அரசுடைமை ஆயிற்று.

மலாயா, சிங்கப்பூர் பக்கமும் தஞ்சாவூர்ச் சீமையும் அந்த நாளில் ஒன்றுக்கொன்று தூரம் இல்லை. சென்னையில் கிளம்பும் ‘ரஜூலா’ கப்பல் நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். 1935-இல் அங்கே ‘தமிழ் முரசு’ தொடங்கிய கோ. சாரங்கபாணி திருவாரூரில் பிறந்தவர். கடலுக்கு அந்தப் பக்கம் தமிழில் கணக்கும் கடிதமும் எழுத ஒரு கூட்டம் இருந்தது. அதில் காவிரிக்கரைக்காரர்கள் நிறையப் பேர்.

இந்தப் பக்கம் ஆபீஸ் காகிதம் முழுக்க இங்கிலீஷ். தஞ்சாவூர், கும்பகோணத்துப் பையன்கள் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறி மாதுங்காவில் குடியேறியது அந்த இங்கிலீஷ் டைப்பை நம்பித்தான். 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் நிலைமை மாறியது. சட்டம் போட்டால் மட்டும் போதுமா? உத்தரவைத் தமிழில் அடிக்க எந்திரம் வேண்டும், அடிக்க ஆள் வேண்டும். ரெமிங்டன் தமிழ் டைப்ரைட்டர் செய்தது. 1955-இல் இந்தியாவிலேயே டைப்ரைட்டர் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் செய்தது. ஸ்வீடனின் ஃபாசிட்டோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் ராயலா கார்ப்பரேஷன் செய்த ஹால்டாவும் ஆபீசுகளுக்குள் வந்தது.

காவிரி டெல்டாவில் காகிதம் என்றால் அது பெரும்பாலும் நிலத்தைப் பற்றியது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, மூன்று மா ஒரு ஏக்கர் என்று பேசுகிற ஊர். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்பு, 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்பு, 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேடு என்று சட்டம் மேல் சட்டமாக வந்தது. ஒவ்வொன்றும் ஒரு மனு, ஒரு நோட்டீஸ், ஒரு பதில். தாலுகா ஆபீஸ் வாசலிலும் கோர்ட் வாசலிலும் மரத்தடியில் ஸ்டூல் போட்டு டைப் அடித்துக் கொடுக்கிறவர்கள் உட்கார்ந்தார்கள். சாகுபடி செய்கிறவர் வாயால் சொல்லச் சொல்ல, கார்பன் வைத்து மூன்று பிரதி. ஒன்று ஆபீசுக்கு, ஒன்று எதிராளிக்கு, ஒன்று அவருடைய டிரங்குப் பெட்டிக்கு. அடித்து முடித்ததும் டைப்பிஸ்ட் படித்துக் காட்டுவார். சக்குபந்தியில், அதாவது நிலத்தின் எல்லை விவரத்தில், வடக்கு வாய்க்கால் தெற்கு வாய்க்காலாகி இருந்தால் சாகுபடி செய்கிறவரே அங்கேயே திருத்தச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக்கூடத் தன் மனு காதால் கேட்டுப் புரிந்தது. இந்த எந்திரம் டெல்டாவுக்குச் செய்த பெரிய காரியமாக நான் நினைப்பது இதைத்தான்.

பிறகு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, மாயவரம், எங்கே போனாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடி ஏறினால் ஒன்று இருக்கும். பள்ளிக்கூடம் முடித்த பெண்களை வீட்டில் தடை சொல்லாமல் அனுப்பிய முதல் இடம் பல குடும்பங்களில் அதுதான். ஒரு மணி நேர பேட்ச். முதல் பாடம் ‘யளனகபக ட்மதாத’. இடது சுண்டுவிரலுக்கு ய; வலது சுண்டுவிரல் ஓய்வாக இருக்கும் இடமே புள்ளி. முதல் நாளிலிருந்து அந்த விரல் முந்திக்கொள்ளப் பழகுகிறது. லோயர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அந்தப் பரீட்சைச் சான்றிதழை வைத்துக்கொண்டு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதி டைப்பிஸ்ட் ஆனவர்களை டெல்டாவில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

இதற்கு நடுவே எலக்ட்ரிக் டைப்ரைட்டரும் வந்தது. 1961-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த செலக்ட்ரிக் அவற்றில் உச்சம். எழுத்துக் கம்பிகளே கிடையாது. 88 எழுத்துகள் பொறித்த கோல்ஃப் பந்து ஒன்று சுழன்று சாய்ந்து தாளில் மோதும். கேரேஜ் அசையாது, பந்துதான் ஓடும். விரல் தொட்டால் போதும், அடிக்கிற வேலையை மோட்டார் பார்த்துக்கொள்ளும். அதனால் பக்கம் முழுக்க ஒரே கருமை. நாள் முழுக்க எழுதுகிறவருக்கு விரல் நோகாது, சுண்டுவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் பலத்தில் வித்தியாசம் தெரியாது. உலகம் முழுக்க இன்றும் பழைய செலக்ட்ரிக்கைத் தேடி வாங்கி அன்றாடம் எழுதுகிறவர்கள் இருப்பது நியாயமே. கையால் அடிக்கும் எந்திரத்தில் புள்ளியைக் கொஞ்சம் ஓங்கி அடித்தால் தாளில் ஓட்டை விழும், கார்பனும் கிழியும். தமிழில் வரிக்கு எத்தனை புள்ளி! மோட்டார் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

இருந்தும் டெல்டாவில் எலக்ட்ரிக் வேர் பிடிக்கவில்லை. மரத்தடியில் கரண்ட் ஏது? விலையும் அதிகம். பரீட்சையும் கையால் அடிக்கும் எந்திரத்தில்தான் நடந்தது. 2008-க்குப் பிறகு சில வருஷங்கள் மாநிலமே மின்வெட்டில் தவித்தபோது இன்ஸ்டிட்யூட்டுகள் ஒரு பேட்ச்கூட நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

கோத்ரெஜ் 2009-இல் டைப்ரைட்டர் செய்வதை நிறுத்தியது. கணினிக்கென்று தமிழ்99 விசைப்பலகையை அரசு 1999-லேயே அறிவித்திருந்தது. ஆனால் ஹையர் பாஸ் பண்ணிய கைகள் அதற்கு மாறவில்லை. ‘பழைய டைப்ரைட்டர்’ என்ற பெயரில் அதே விசை வரிசையைக் கணினிக்குள் கொண்டுவரச் செய்தார்கள்.

நான் தினமும் எழுதுவது பழைய ஹால்டா ஒன்றில், தமிழ் விசை. எலக்ட்ரிக்கின் சுகத்தை இவ்வளவு சொன்ன நானே ஏன் இதில் எழுதுகிறேன் என்றால், காரணம் புள்ளிதான். புள்ளியை முந்தி அடிக்க வேண்டுமானால் அடுத்த எழுத்து மெய்யா உயிர்மெய்யா என்று விரலுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ‘வந்தான்’ என்று முடிப்பதா, ‘வந்தானாம்’ என்று இழுப்பதா? கையெழுத்தில் ‘ன’ போட்ட பிறகு யோசிக்கலாம். போனில் பின்னால் தள்ளி அழிக்கலாம். இங்கே சொல் மனதில் முழுசாக வந்த பிறகே கை இறங்குகிறது. வாக்கியம் மெதுவாக வருகிறது, ஆனால் வந்தால் நிற்கிறது. என் எழுத்தில் அநாவசியமான சொற்கள் குறைந்ததை நானே பார்த்தேன்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூடப்போகிற இன்ஸ்டிட்யூட்டுகளில் விசாரியுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன் நல்ல எந்திரங்கள் அங்கேதான் இருக்கின்றன. ரோலர் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தால் எழுத்து தாளை வெட்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எழுத்துக் கம்பிகள் துருப் பிடித்து ஒன்றோடொன்று சிக்கும், அதனால் மழைக்காலத்தில் மூடியே வையுங்கள். எண்ணெய் வேண்டுமானால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். உதிரிப்பாகம் புதிதாக வராது. இரண்டாவது எந்திரம் ஒன்று ஓடாத நிலையில் மலிவாகக் கிடைத்தால் அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் கேட்பார்.