சென்னை - யாழ்ப்பாணம்: 355 கிலோமீட்டர், 40 வருடம்

ஒரு மேப்பை எடுத்து சென்னை மீனம்பாக்கத்தில் ஒரு புள்ளி, கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்காவில் ஒரு புள்ளி வைத்து ஸ்கேலால் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு வழியில் எந்த ஊரைத் தொடுகிறது தெரியுமா? யாழ்ப்பாணம்! அங்குள்ள பலாலி விமான நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் பக்கத்திலேயே போகும். சென்னையிலிருந்து பலாலி சுமார் 355 கி.மீ., கட்டுநாயக்கா சுமார் 645 கி.மீ.

ஆனால் ஏறக்குறைய நாற்பது வருடம், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சென்னைக்கு விமானத்தில் வர வேண்டுமானால் முதலில் எதிர்த்திசையில் கொழும்புக்குப் போக வேண்டும். ரோடு வழியாக சுமார் 400 கி.மீ. பிறகு அங்கே விமானம் ஏறி, திரும்பத் தன் ஊர்ப் பக்கமாகவே பறந்து வர வேண்டும்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை நண்பர்களே. பலாலி, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட தளம். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியபோது போன பாதை: கொழும்பு ரத்மலானை - யாழ்ப்பாணம் - சென்னை. (இலங்கைக்குச் சுதந்திரமே இரண்டு மாதம் கழித்துத்தான்!) விமானம் டகோட்டா. மணிக்கு 300 கி.மீ.க்குள் போகிற வண்டி. கணக்குப் போட்டால் பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம்.

எழுபதுகளின் இறுதியோடு இந்த வழி நின்றது. 1978 செப்டம்பரில் ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் ரத்மலானையில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்த வருடம் அந்த நிறுவனமே இல்லை. பிறகு போர். 1990-ல் யாழ்தேவி ரயில் நின்றது, ஏ9 சாலை மூடப்பட்டது. பலாலியைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் அதே வருடம் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். அவர்களுடைய காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. கொழும்புக்குப் போவதே உயிரைப் பணயம் வைப்பதுதான். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. 55 பேர் இறந்தார்கள்.

டிமாண்ட் இருந்தால் சப்ளை தானாக வரும் என்று எங்கள் எக்கனாமிக்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. இங்கே அக்கரையிலும் இக்கரையிலும் உறவுக்காரர்கள் இருந்தார்கள், விமானம் மட்டும் வரவில்லை. போர் 2009-ல் முடிந்த பிறகும் பத்து வருடம் ஆனது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் விமானம் வந்து இறங்கியது. ஐந்து மாதத்தில் கொரோனா! மறுபடி சேவை தொடங்கியது 2022 டிசம்பர் 12-ல். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது.

வேகத்தைப் பாருங்கள். ஏடிஆர் மணிக்கு சுமார் 500 கி.மீ. போகும். வானத்தில் முக்கால் மணி, ஏறி இறங்கி ரன்வேயில் ஊர்வதையும் சேர்த்தால் ஒரு மணிக்கு மேல். டகோட்டா காலத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

2025 மார்ச்சில் திருச்சி - யாழ்ப்பாணம் சேவையும் ஆரம்பமானது. அந்தத் தூரம் வெறும் 185 கி.மீ. அளவுதான். திருச்சியிலிருந்து சென்னை இதைவிட நூறு கிலோமீட்டர் அதிகம்!