ஈய வண்ணப்பூச்சுள்ள பழைய வீடுகளுக்கு வண்ணம் பூசுதல் (ஐக்கிய அமெரிக்கா)

ஈய வண்ணப்பூச்சு என்பது ஈயச் சேர்மங்களை நிறமியாகவோ உலர்த்தியாகவோ கொண்ட வண்ணப்பூச்சு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் இப்பூச்சு, பின்னர் பூசப்பட்ட பூச்சுகளுக்கு அடியில் இன்றும் உள்ளது. உரியாமலும் வெடிக்காமலும் இருக்கும் பூச்சினால் பொதுவாக உடனடித் தீங்கு இல்லை. புதிதாக வண்ணம் பூசுவதற்காகப் பழைய பூச்சைச் சுரண்டும்போதும் உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போதும் எழும் தூசியே நஞ்சாகிறது. ஆகவே இத்தகைய வீட்டுக்கு வண்ணம் பூசுபவரை அமர்த்துவது, அங்கு வாழும் குழந்தைகளின் உடல்நலம் பற்றிய முடிவும் ஆகும்.

பின்னணி

வெள்ளை நிறமியாக நெடுங்காலம் பயன்பட்டது காரத்தன்மையுள்ள ஈயக் கார்பனேட்டு ஆகும். இது வெள்ளை ஈயம் எனப்படும். (வெள்ளீயம் என்பது வேறொரு உலோகம், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.) அடியிலுள்ளதை நன்கு மறைப்பதாலும் மழை, வெயிலுக்குத் தாக்குப்பிடிப்பதாலும் தரமான பூச்சு என்றாலே ஈயப் பூச்சு என்று கருதப்பட்ட காலம் உண்டு.

இதன் தீங்கு புதிதாக அறியப்பட்டதன்று. ஆத்திரேலியாவின் பிரிசுபேன் நகர மருத்துவர் லாக்கார்ட் கிப்சன், குழந்தைகளின் ஈய நஞ்சேற்றத்துக்கு வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளின் பூச்சே காரணம் என 1904 இல் எழுதினார். 1921 இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெள்ளை ஈயப் பூச்சு தொடர்பான உடன்படிக்கையை ஏற்றது. அமெரிக்காவிலோ பால்ட்டிமோர் நகரம் 1951 இல் வீட்டின் உட்புறத்துக்கு ஈயப் பூச்சைத் தடை செய்தது. நாடு தழுவிய தடைக்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு வீட்டுப் பூச்சில் ஈயத்தின் அளவு 0.06 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என விதிக்கப்பட்டது. 2009 இல் அது 0.009 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணிப்பின்படி, 1940 க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் 87 விழுக்காட்டிலும், 1940-1959 காலத்து வீடுகளில் 69 விழுக்காட்டிலும், 1960-1977 காலத்து வீடுகளில் 24 விழுக்காட்டிலும் ஈயப் பூச்சு உள்ளது.

உடல்நலக் கேடு

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைப்பதால் கண்ணுக்குத் தெரியாத தூசியும் அவர்கள் உடலில் சேர்கிறது. மூளை வளர்ச்சி, கற்றல் திறன், நடத்தை ஆகியவற்றில் ஏற்படும் பாதிப்பு நிலைத்துவிடக் கூடியது. கருவுற்ற பெண்களுக்கும் பூச்சு வேலை செய்வோருக்கும் ஆபத்து உண்டு. வேலையாட்கள் உடையில் ஒட்டிய தூசியைத் தம் வீட்டுக்கே கொண்டுசெல்கின்றனர். குழந்தையின் இரத்தத்தில் கவனிக்க வேண்டிய ஈய அளவு, முன்பு டெசிலீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என இருந்து, 2012 இல் 5 ஆகவும், 2021 இல் 3.5 ஆகவும் குறைக்கப்பட்டது. தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை.

சட்டம்

2008 இல் வெளியிடப்பட்ட புதுப்பித்தல், பழுதுபார்த்தல், வண்ணம் பூசுதல் விதி 2010 ஏப்ரல் 22 முதல் நடைமுறையில் உள்ளது. 1978 க்கு முந்தைய வீட்டில் கூலிக்கு வேலை செய்யும் நிறுவனம், உட்புறத்தில் ஓர் அறைக்கு 6 சதுர அடிக்கு மேலோ, வெளிப்புறத்தில் 20 சதுர அடிக்கு மேலோ பூச்சைக் கலைப்பதானால் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்; பயிற்சி பெற்ற புதுப்பிப்பாளர் ஒருவர் வேலைக்குப் பொறுப்பேற்க வேண்டும். சாளரங்களை மாற்றும் வேலைக்கு இந்தச் சதுர அடி விலக்கு கிடையாது. திறந்த தீயால் பூச்சை எரித்தல், 1100 பாகை பாரன்கைட்டுக்கு மேல் வெப்பக் கருவியைப் பயன்படுத்தல், தூசி உறிஞ்சும் அமைப்பில்லாத பொறியால் தேய்த்தல் ஆகியன தடை செய்யப்பட்டுள்ளன.

தான் குடியிருக்கும் வீட்டுக்குத் தானே வண்ணம் பூசும் உரிமையாளரை இவ்விதி கட்டுப்படுத்துவதில்லை. இது சட்டத்தின் எல்லையே அன்றி, அவ்வேலை ஆபத்தற்றது என்பதற்குச் சான்றன்று.

ஆள் அமர்த்துதல்

முதலில் சோதனை செய்வது நன்று. எக்சு-கதிர் ஒளிர்வுக் கருவி பூச்சைச் சிதைக்காமலேயே அளக்கும், சதுர செ.மீ.க்கு 1 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்தால் அது ஈயப் பூச்சு ஆகும். சோதனை செய்யாவிட்டால் ஈயம் இருப்பதாகவே கொண்டு வேலை செய்ய வேண்டும். சோதிப்பவரும் பூச்சு வேலையை எடுப்பவரும் ஒருவராக இல்லாதிருப்பது நலம்.

நிறுவனத்தின் சான்றிதழும் (இது ஐந்தாண்டு செல்லுபடியாகும்) பொறுப்பாளரின் பயிற்சிச் சான்றும் வெவ்வேறானவை. இரண்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் பெரிது என்பது போதாது. சான்றிதழ் பெறாத துணை ஒப்பந்தக்காரர்களைக் கொண்டு வீட்டு வேலைகளைச் செய்வித்தது தொடர்பான வழக்கில், ஓம் டிப்போ நிறுவனம் 2020 இல் 2.075 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. எனவே வேலைக்கு நேரில் வரப்போவது யார் என்பதே முக்கியமான கேள்வி.

ஒருவர் கேட்கும் தொகை மற்றவர்களுடையதைவிட மிகக் குறைவாக இருந்தால், விடுபட்டது பெரும்பாலும் பூச்சின் தரமன்று; மூடுதலும் துப்புரவுமே. உட்புற வேலையில் பொருட்களை அகற்றி, காற்றுக் குழாய் வாய்களை அடைத்து, தரையில் ஆறு அடி வரை நெகிழித் தாள் விரிக்க வேண்டும். வெளிப்புறத்தில் பத்து அடி வரை நிலத்தை மூட வேண்டும். பூச்சை ஈரப்படுத்திச் சுரண்டுவது தூசியைப் பெரிதும் குறைக்கும். இறுதியில் ஹெப்பா வடிகட்டியுள்ள தூசி உறிஞ்சியாலும் ஈரத் துணியாலும் துடைத்து, துணியின் நிறத்தை முகமை வழங்கும் அட்டையுடன் ஒப்பிட வேண்டும். இவ்வொப்பீடு ஈயத்தை அளப்பதில்லை. சிறு குழந்தை உள்ள வீட்டில் தூசி மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே உறுதியான வழி. இவை அனைத்தையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வேறிடத்தில் தங்குவது நல்லது.

சாளரங்கள் தனிக் கவனத்துக்குரியவை. மேலும் கீழும் நகரும் பழைய மரச் சாளரம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சட்டத்தில் உராய்ந்து தூசியை உதிர்க்கிறது. அதன்மேல் புதுப் பூச்சு அடித்தால் உராய்வு நிற்பதில்லை. சில மாதங்களில் மேற்பூச்சு தேய்ந்து அடிப்பூச்சு மீண்டும் வெளிப்படும். இவ்விடங்களில் சாளரத்தை மாற்றுவதோ உராயும் பகுதியைச் சீர்செய்வதோ தேவைப்படும். ஈயத்தை நிலையாக அகற்றும் வேலைக்குத் தனி உரிமம் வேண்டும். வண்ணம் பூசுபவரின் சான்றிதழ் அதற்குப் போதாது.

வாடகை வீடுகள்

வீட்டுக்காரர் தம் சொந்த வேலையாட்களைக் கொண்டு வாடகை வீட்டில் இவ்வேலையைச் செய்தாலும் மேற்கண்ட விதி பொருந்தும். அறிந்துள்ள ஈயப் பூச்சைப் பற்றி வாடகைக்கு வருவோருக்கும் வாங்குவோருக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற விதி 1996 இலிருந்து உள்ளது. மாசச்சூசெட்ஸ், விஸ்கொன்சின் போன்ற சில மாநிலங்களில் முகமைக்குப் பதிலாக மாநில அரசே சான்றிதழ் வழங்குகிறது.