ஒரே கார், இரண்டு தாள்: பரிவலு அளந்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு. கார் பைத்தியம் பிடித்த தம்பிமார் கடைசிவரை வாசியுங்கள்.

போன வாரம் எங்கள் வட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டை பலருக்கும் தெரியும். நம் பகுதித் தம்பி ஒருவர் தன் பழைய ஜப்பான் காரை டியூன் பண்ணுவித்தார். வெளிநாட்டில் இருக்கும் நானா அனுப்பிய காசு. வேலை முடிந்ததும் கொடுத்த டைனோ தாளில் 148 என்று இருந்தது. இரண்டு கிழமை கழித்து வேறோர் இடத்தில் அளந்தார். 131. "பதினேழு குதிரையைக் களவெடுத்துட்டான்" என்று குரல் பதிவு போட்டார். பிறகு ஆளாளுக்கு அந்த பாஸைக் கள்ளனாக்கினார்கள். நான் விஞ்ஞானம் படிப்பிப்பவன் என்பதால் இரண்டு தாளையும் எனக்கு அனுப்பி, "சேர், நீங்க சொல்லுங்க" என்றார்கள்.

ஒருவரின் தொழிலும் பெயரும் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் அவசரப்படாமல் பார்த்தேன். பதில் தாளில் இல்லை, சரித்திரத்தில் இருக்கிறது.

இயந்திரம் வருவதற்கு முன்பு கண்டி முஸ்லிம்கள் வலுவை மாட்டில் அளந்தவர்கள். கண்டி மன்னர் காலத்தில் பொதி மாடுகளைப் பார்த்த பிரிவுக்கு மடிகே பத்த என்று பெயர். அதில் நம்மவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கலகெதரைப் பக்கத்து மடிகே என்ற ஊர்ப் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தச் சுமையை எந்த ஏற்றத்தில் எத்தனை மாடு ஏற்றும் என்பதுதான் அவர்களின் கணக்கு. பௌதிகவியலும் அதையே சொல்கிறது: நிறை, உயரம், எடுத்த நேரம்.

ஜேம்ஸ் வாட் 1780களின் தொடக்கத்தில் செய்ததும் இதே வேலைதான், ஆனால் வியாபாரத்துக்காக. குதிரை கட்டி ஆலை ஓட்டியவர்களிடம் நீராவி எஞ்சினை விற்க வேண்டும். "இது எத்தனை குதிரைக்குச் சமன்?" என்பதுதானே அவர்கள் கேட்கும் கேள்வி? 12 அடி ஆரையுள்ள வட்டத்தில் ஒரு குதிரை 180 இறாத்தல் விசையோடு மணிக்கு 144 தடவை சுற்றுகிறது என்று வைத்துப் பெருக்கினார். நிமிடத்துக்கு 32,572 அடி-இறாத்தல் வந்தது. 33,000 என்று முழுசாக்கிவிட்டார். நம் பாடப்புத்தகப் பரிவலு, 746 வாற்று, இதுதான். ஒரு விற்பனையாளரின் மதிப்பீடு உலக அலகாகிவிட்டது.

குதிரைக்குக் கணக்குப் போடலாம். எஞ்சினை எப்படி அளப்பது? 1821இல் பிரான்சின் ப்ரோனி ஒரு வழி கண்டார். சுழலும் தண்டை இரண்டு மரக்கட்டைகளால் கவ்விப் பிடிப்பது. கட்டையோடு நீண்ட புயம், புய நுனியில் படி. எஞ்சின் கட்டையையும் சேர்த்துச் சுழற்றப் பார்க்கும், படி விடாது. இரண்டும் சமநிலைக்கு வந்ததும் படியின் நிறை, புயத்தின் நீளம், சுழலும் வேகம் மூன்றையும் வைத்து வலுவைக் கணக்கிட்டுவிடலாம். பிரேக் ஹோர்ஸ் பவர் என்ற சொல்லில் உள்ள பிரேக் இந்த மரக்கட்டை பிரேக்தான். வலுவெல்லாம் உராய்வுச் சூடாக மாறுவதால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய எஞ்சினுக்குச் சரிவராது.

அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் வில்லியம் ஃப்ரூட். பிரித்தானியக் கடற்படையின் பெரிய கப்பல் எஞ்சின்களை அளக்க 1877இல் தண்ணீர் பிரேக்கை உண்டாக்கினார். ஒரு கூட்டுக்குள் கிண்ணம் கிண்ணமாகக் குழிந்த சில்லு சுழல்கிறது, எதிரிலும் அதேபோன்ற கிண்ணங்கள், நடுவில் தண்ணீர். எஞ்சினின் பலம் முழுவதும் தண்ணீரைக் கலக்குவதிலேயே போகும். சூட்டையும் அந்தத் தண்ணீரே வெளியே கொண்டுபோகும். கூட்டைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கும் புயத்தில் விசையை அளப்பார்கள். ஹீனன் அண்ட் ஃப்ரூட் என்ற பெயரில் இந்த இயந்திரம் உலகெங்கும் போனது. பெரிய எஞ்சினுக்கு இன்றும் நல்லது. தண்ணீரைக் கூட்டிக் குறைத்துத்தான் சுமையை மாற்ற வேண்டும் என்பதால் சாதாரண வகைகள் கொஞ்சம் மந்தம்.

அடுத்தது சுழிப்போட்ட வகை, 1930களில் அமெரிக்காவின் வின்தர் சகோதரர்கள் கொண்டுவந்தது. செப்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால் மெல்ல இறங்குவதை என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அதே தத்துவம்தான். சுழலும் உலோகத் தட்டை மின்காந்தம் தொடாமலே பிடிக்கும். மின்னோட்டத்தை மாற்றினால் பிடியும் உடனே மாறும். 3,000 சுற்றில் எஞ்சினை நிறுத்தி வைத்து, எரிபொருளையும் இக்னிஷன் நேரத்தையும் ஒவ்வொரு புள்ளியாகச் சரிபார்க்கலாம். டியூன் செய்பவருக்கு வேண்டியது இதுதான். நீண்ட நேரம் பிடித்தால் தட்டு கொதித்துவிடும் என்பது அதன் குறை.

மற்ற வகையில் பிரேக்கே இல்லை. சில்லுக்குக் கீழே ஒரு கனத்த உருளை, அவ்வளவுதான். அதன் சடத்துவம் எவ்வளவு என்று முன்பே தெரியும். எத்தனை விநாடியில் எவ்வளவு வேகம் எடுத்தது என்பதை வைத்துக் கணினி வலுவைச் சொல்லும். டைனோஜெட் என்ற பெயர் பிரபலமானது இதனால்தான். சிக்கல் குறைவு, ஒரே காரைத் திரும்ப ஓட்டினால் கிட்டத்தட்ட அதே எண் வரும். ஆனால் பிரேக் இல்லாத உருளையில் எஞ்சினை ஒரு வேகத்தில் சுமையோடு நிறுத்த முடியாது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஒரே வேகத்தில் மூச்சுப்பிடித்து ஏறும் எஞ்சினின் நிலைமையை அது காட்டாது. நம் மலைநாட்டில் ஓடும் காருக்கு, என்னைக் கேட்டால், பிரேக் உள்ள டைனோவில்தான் டியூன் பண்ண வேண்டும்.

ஏற்றம் என்றதும் ஒரு சின்னக் கணக்கு. 1,000 கிலோ வாகனம் ஒரு நிமிடத்தில் 100 மீற்றர் உயரம் ஏறினால், உயர்த்துவதற்கு மட்டுமே சுமார் 22 பரிவலு வேண்டும். காற்றும் டயர் உராய்வும் தனி. (வருடாவருடம் நாம் செய்யும் புகைப் பரிசோதனையை டைனோ என்று நினைக்காதீர்கள். அங்கே கார் நின்ற இடத்தில் நிற்க, சுமையில்லாமல்தான் எஞ்சினை முறுக்குகிறார்கள்.)

இனி அந்த இரண்டு தாள். முதல் தாளின் மூலையில் சின்ன எழுத்தில் பி.எஸ். என்று இருந்தது. ஜப்பான்காரர் பயன்படுத்தும் மெற்றிக் பரிவலு அது, 735.5 வாற்று. வாட்டின் பரிவலுவுக்கு மாற்றினால் 148 என்பது 146 ஆகிறது. கீழே இன்னொரு சொல்: எஞ்சின். அதாவது சில்லில் அளந்துவிட்டு, கியரிலும் அச்சிலும் போன இழப்பைச் சேர்த்துப் போட்ட எண். இரண்டாவது தாளில் சில்லு என்றே இருந்தது. 146இல் பத்தில் ஒரு பங்கை இழப்பாகக் கழித்துப் பாருங்கள். 131! அதுவும் முதலாவது உருளை வகை, இரண்டாவது சுழிப்போட்ட வகை. அந்தப் பதினேழு குதிரையை யாரும் களவெடுக்கவில்லை.

பெரிய கம்பனிகளிலும் இது நடந்திருக்கிறது. கடிலக் எல்டொராடோவின் 8.2 லீற்றர் எஞ்சினுக்கு 1971இல் 365 என்று எழுதினார்கள், 1972இல் 235. எஞ்சினை வெட்டிக் குறைக்கவில்லை. துணைக் கருவிகளைக் கழற்றிவிட்டு அளந்த முறையைக் கைவிட்டு, காரில் பூட்டியிருக்கும் நிலையில் அளக்கத் தொடங்கினார்கள். ஜப்பானில் இதற்கு நேர்மாறு. 1989 முதல் 2004 வரை கம்பனிகள் தமக்குள் பேசி 280 பி.எஸ்.ஸுக்கு மேல் விளம்பரப்படுத்தவில்லை. ஸ்கைலைன் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

காற்றையும் மறக்கக்கூடாது. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், காற்றழுத்தம் சுமார் 6 வீதம் குறைவு. நுவரெலியாவில் கிட்டத்தட்ட 20 வீதம் குறைவு. டேர்போ இல்லாத எஞ்சின் அங்கே சோர்ந்துபோவதற்கு மெக்கானிக்கைத் திட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். டைனோ மென்பொருள் இதையெல்லாம் ஈடுசெய்து எண்ணைத் திருத்தும். எந்தத் திருத்தம் போட்டார்கள் என்று கேளுங்கள். டியூனுக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே கியரில், ஒரே அமைப்பில் அளந்த தாள் இருந்தால் மட்டும் ஒப்பிடுங்கள்.

நிறுவையைப் பற்றி நம் முன்னோர் விளையாட்டாக எழுதவில்லை. மர்வ் நகரத்து அல்காஸினி 1121இல் தராசைப் பற்றி மட்டுமே ஒரு பெரிய நூல் எழுதினார். தராசு எங்கே, எப்படிப் பிழைக்கும் என்பதும் அதில் அவருடைய கவலை. அளவையில் மோசடி செய்பவரைப் பற்றி முதஃப்பிஃபீன் என்ற அத்தியாயமே இருக்கிறது. நம் பிரச்சினையில் மோசடி இல்லை. அலகைப் பார்க்காமல் ஒருவரை மோசடிக்காரன் என்றதுதான் நடந்தது.

தம்பி குரல் பதிவை அழித்துவிட்டார். வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு இருவரும் பாஸின் கராஜுக்குப் போனோம். தம்பிக்கு முகம் கொடுக்க வெட்கம். பாஸ் தேநீர் வரவழைத்தார், தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பொனட்டைத் திறந்து கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "தம்பி, கடுகண்ணாவையில இப்ப எத்தனாவது கியர்ல ஏறுது?" என்றார்.