கணேஷின் முகமும் சுஜாதாவின் குரலும்: 'ப்ரியா'வை முன்வைத்து ஒரு விவாதம்

ஈழத்து விமர்சனம் சனரஞ்சக நாவலையும் சனரஞ்சகப் படத்தையும் ஒரே மூட்டையில் கட்டிப் பழகியது. 'வணிகம்' என்ற முத்திரை இரண்டுக்கும் போதுமாயிருந்தது. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) போன்ற நூல்களால் வலுப்பெற்ற அந்தப் பார்வையில் கல்முனைப் பக்கத்து எழுத்தாளர் பலரும் பயின்றவர்கள். அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் இரு வணிகங்களும் விற்ற சரக்கு ஒன்றல்ல.

சுஜாதாவின் 'ப்ரியா' குமுதத்தில் தொடராக வந்த கதை; களம் லண்டன். 1978இல் எஸ்.பி. முத்துராமன் நெறியாள்கையில், பஞ்சு அருணாசலத்தின் திரைக்கதையில் படமானபோது களம் சிங்கப்பூருக்கு மாறியது. இந்த மாற்றத்தைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அது பெரிதல்ல. இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. சுஜாதாவின் குற்றக்கதையில் சிரிப்பு சம்பவங்களில் இல்லை. சொல்பவரின் வெட்டிய வாக்கியங்களில், பிணத்துக்குப் பக்கத்திலும் குறும்பை அடக்காத அந்தக் குரலில் இருக்கிறது. வாரந்தோறும் வாசகர் காசு கொடுத்து வாங்கியது அந்தக் குரலைத்தான். படம் விற்றதோ ரஜினிகாந்தின் முகத்தை. அவர் நடித்த வழக்கறிஞர் கணேஷ் பாடுகிறார், காதலிக்கிறார், அடிக்கிறார். நட்சத்திரமாகிவிட்ட கணேஷைப் பார்த்து யாரும் லேசாகக்கூடச் சிரிக்க முடியாது. இளையராஜாவின் பாடல்கள் நின்றன, படமும் ஓடியது. துப்பறியும் கதையின் நையாண்டி மட்டும் ஓசையின்றிக் கழன்றுபோனது.

முந்தைய ஆண்டில், சுஜாதாவின் கதையிலிருந்தே எடுத்த 'காயத்ரி' படத்தில் கணேஷின் உதவியாளன் வசந்த் இருந்தான். அவனை வெண்ணிற ஆடை மூர்த்தியிடம் கொடுத்தார்கள். வசந்தின் கிண்டல் புத்திக்கூர்மையின் மறுபக்கம். நகைச்சுவை நடிகர் கைக்குப் போனதும் அது தனிப் பகுதியாக ஒதுங்கியது.

கதைசொல்லியின் குரலைப் பின்னணியில் ஒலிக்கவிட்டிருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஜேனட் இவானோவிச்சின் 'ஒன் ஃபோர் த மணி' (1994), கதாநாயகியே தன்மையில் சொல்லும் நகைச்சுவைக் குற்றநாவல். 2012இல் வந்த படம் அவள் குரலைப் பின்னணியில் வைத்தது. ஆயினும் எடுபடவில்லை, நாவல் வரிசை நீண்டுகொண்டே போக, படத்துக்கு இரண்டாம் பாகம்கூட வரவில்லை. கேலியைத் திரையில் காட்சியமைப்பும் வெட்டும் வேகமும் சுமக்கவேண்டும். குரலை மேலே ஒட்டினால் அது விளக்கவுரையாகிவிடும்.

எங்கள் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கையில் 1970–77 ஆட்சிக்காலத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. 1977க்குப் பின் சந்தை திறந்தது. மருதமுனையிலோ சம்மாந்துறையிலோ ஒருவர் படத்தை முதலிலும் நாவலைப் பிறகும் கண்டிருக்கலாம். அவருடைய ஏமாற்றம், தொடரை வாரவாரம் படித்த சென்னை வாசகரின் ஏமாற்றமாக இருக்க நியாயமில்லை. இதைப் பிரதிகளை மட்டும் வைத்து எழுதமுடியாது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் அந்தத் தலைமுறை வாசகர்களைத் தேடிச் சென்று, எதை எப்போது படித்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று கேட்டுப் பதியவேண்டும்; அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே.