போகிப்சி நகரின் வணிகக் கல்லூரி

கணக்கெழுதவும் கடிதம் வரையவும் தெரிந்த பிள்ளைக்குக் கிராணி வேலையாவது கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கை நம் பெற்றோருக்குப் பழகிப்போன ஒன்று. அந்த நம்பிக்கையையே மூலதனமாக்கி, ஒரு நகரையும் தம்மோடு உயர்த்திக்கொண்டவர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் வாழ்ந்தார். ஹார்வி கிரிட்லி ஈஸ்ட்மன் என்பது அவர் பெயர்.

1832-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்து மார்ஷல் என்னும் சிற்றூரில் பிறந்த இவர், ராச்செஸ்டரில் தம் உறவினர் ஜார்ஜ் வாஷிங்டன் ஈஸ்ட்மன் நடத்திய வணிகப் பள்ளியில் தொழில் பழகினார். அந்த உறவினர் வேறு யாருமல்லர். பின்னாளில் கோடக் படப்பெட்டியால் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் ஈஸ்ட்மனின் தந்தையே. 1862-இல் தந்தை மாண்டபின், அம்மகன் பள்ளிப் படிப்பை விட்டு வேலைக்குப் போக நேர்ந்தது! வணிகம் கற்பித்தவரின் வீட்டிலேயே பொருள் நிலைக்கவில்லை.

ஹார்வியோ ஆஸ்வீகோவிலும் செயின்ட் லூயிசிலும் பள்ளி நடத்திப் பார்த்துவிட்டு, 1859-இல் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள போகிப்சிக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்து நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய கல்லூரிகள் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தன. கணக்கு வேலையோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்து பல ஆண்டுகள் பார்த்துப் பழக வேண்டியது. 1863-க்கு முன் நாடெங்கும் நூற்றுக்கணக்கான தனியார் வங்கிகள் தத்தம் நோட்டுகளை வெளியிட்டு வந்தமையால், எந்த நோட்டு செல்லும், எது செல்லாது என்று அறிவதே பெரும்பாடு. புகைவண்டியும் தந்தியும் வணிகத்தை விரைவுபடுத்த, கணக்கர்களுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று.

ஈஸ்ட்மன் கண்ட வழி எளியது; ஆனால் துணிவானது. கல்லூரிக்குள்ளேயே ஒரு கடைத்தெருவை அமைத்துவிட்டார். இரட்டைப் பதிவு முறையை ஏட்டில் கற்ற மாணவன் அடுத்து அங்கே 'வணிகன்' ஆனான். கல்லூரியே அச்சிட்ட நோட்டுகள் அவனுக்கு முதலாக அளிக்கப்பட்டன. அவன் சரக்கு வாங்கினான், விற்றான், வங்கியில் பணம் போட்டான், கடன் பத்திரம் எழுதினான். ஒவ்வொன்றையும் ஏட்டில் பதிந்தான். அடுத்த முறை அவனே வங்கி மேசைக்குப் பின்னால் அமர்ந்து மற்றவர் கணக்கைச் சரிபார்த்தான். தவறு செய்தால் நட்டம் காகிதத்தோடு போயிற்று. பாடம் மட்டும் தங்கிற்று. உண்மை நோட்டின் சாயலில் அழகாகப் பொறிக்கப்பட்ட அத்தாள்களை இன்று நாணயச் சேகரிப்பாளர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

உள்நாட்டுப் போர் மூண்டபோது இக்கல்லூரி மேலும் வளர்ந்தது. 1860-களின் நடுவில் மாணவர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. அவர்கள் நகரத்து வீடுகளிலேயே உண்டு உறங்கினமையால் ஊருக்கும் வருவாய் பெருகியது. போட்டியாளரான பிரையன்ட், ஸ்ட்ராட்டன் இருவரும் பல நகரங்களில் கிளைகளை நிறுவினர். ஈஸ்ட்மனோ போகிப்சியில் வேரூன்றி, மாணவரைத் தம்மிடம் வரவழைத்தார். அதற்கு அவர் கைக்கொண்ட கருவி விளம்பரம். அக்கால வணிகக் கல்லூரிகள் பல, வேலை நிச்சயம் என்று ஆசை காட்டியே ஆள் சேர்த்தன என்னும் குற்றச்சாட்டு பொய்யன்று. விளம்பரத்தில் கைதேர்ந்த ஈஸ்ட்மனை அதிலிருந்து முற்றிலும் விலக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. எனினும் கடைத்தெருவை வகுப்பறைக்குள் கொணர்ந்த பயிற்சி வெறும் ஆரவாரமன்று. பிற்காலத்தில் பெருங்கடைகளின் அதிபரான கிரெஸ்கி இங்குப் பயின்றவரே.

1871-இல் ஈஸ்ட்மன் நகரத் தலைவரானார். ஹட்சனுக்குக் குறுக்கே புகைவண்டிப் பாலம் அமைய வேண்டும் என்று ஓயாது முயன்றார். 1873-இல் அடிக்கல்லும் நாட்டப்பட்டது. அவ்வாண்டே வந்த பொருளாதார வீழ்ச்சி வேலையை நிறுத்திற்று. 1878 ஜூலையில், நகரத் தலைவராக இருக்கும்போதே, டென்வரில் அவர் காலமானார். வயது 45தான்.

பாலம் 1888-இல் முடிவுற்றது. கல்லூரி 1931-இல் மூடப்பட்டது. 1974-இல் தீப்பற்றியபின் பாலத்தில் வண்டிகள் ஓடவில்லை; 2009 முதல் அது நடைபாதையாகத் திறக்கப்பட்டு, மக்கள் அதன்மீது ஆற்றைக் கடந்து உலாவுகிறார்கள்.