மின்சாரம் ஒன்றா, இரண்டா?

பள்ளிக்கூடத்தில் படிக்கும் குழந்தைகள் மின்சுற்றுப் படம் வரையும்போது கவனித்திருப்பீர்கள். அம்புக்குறி பேட்டரியின் பிளஸ் முனையில் கிளம்பி மைனஸ் முனைக்கு வரும். ஆனால் கம்பியில் எலெக்ட்ரான்கள் ஓடுவதோ நேர் எதிர்த்திசையில்! இதற்குக் காரணம் 18-ஆம் நூற்றாண்டில் நடந்த ஒரு பெரிய வாதம்.

1729-ல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே, மின்சக்தியைச் சணல் நூல் வழியாகப் பல நூறு அடி தூரம் அனுப்பிக் காட்டினார். ஓடுகிறது என்றால் அது திரவம் போன்ற ஏதோ ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் எண்ணினர்.

1733-ல் பாரிஸ் நகரில் து ஃபே ஒரு விசித்திரத்தைக் கண்டார். தேய்த்த கண்ணாடியால் மின்னேற்றம் பெற்ற தங்கத் தகட்டைக் கண்ணாடி விலக்கியது. தேய்த்த பிசினோ இழுத்தது. ஆகவே கண்ணாடி மின்சாரம், பிசின் மின்சாரம் என்று இரண்டு உண்டு என்றார்.

அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1747-ல் இதை மறுத்தார். திரவம் ஒன்றுதான், மிகுந்தால் பிளஸ், குறைந்தால் மைனஸ். தேய்ப்பதால் மின்சாரம் புதிதாக உண்டாவதில்லை, கைமாறுகிறது, அவ்வளவே. ஒருவர் வரவு இன்னொருவர் செலவு! மின்சாரத்தைச் சேமிக்கும் லேடன் ஜாடி வேலை செய்யும் விதத்தை இக்கணக்கு அழகாக விளக்கியது.

ஆனால் ஒரு சிக்கல். திரவம் குறைந்த இரு பொருள்கள் ஏன் ஒன்றையொன்று விலக்கவேண்டும்? பிராங்க்ளினிடம் சரியான பதில் இல்லை. 1759-ல் லண்டனில் ராபர்ட் சிம்மர், வெள்ளை, கறுப்புப் பட்டுக் காலுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்து கழற்றிச் சோதித்து, இரு திரவக் கொள்கைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். 1785-ல் கூலும் கண்ட விதியோ இரு கட்சிக்குமே பொருந்தியது. வழக்கு முடியவில்லை.

1897-ல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்த பின்னரே தெளிவு பிறக்கத் தொடங்கியது. மின்னூட்டம் இரு வகை. து ஃபே சொன்னது சரி. ஆனால் உலோகக் கம்பியில் ஓடுவது ஒரு வகை மட்டுமே. அந்த அளவில் பிராங்க்ளினும் சரி. அவர் தவறியது ஓரிடத்தில்தான். பட்டால் தேய்த்த கண்ணாடியில் மிகுதி என்று ஊகித்துப் பிளஸ் என்றார். உண்மையில் அங்கே எலெக்ட்ரான்கள் குறைகின்றன. பெயர் நிலைத்துவிட்டதால் அம்புக்குறியும் அப்படியே நின்றுவிட்டது.

திரவக் கொள்கைகள் மறைந்தன. ஆனால் மின்னூட்டத்தை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, மொத்தக் கணக்கு மாறாது என்ற பிராங்க்ளினின் கருத்து இன்றும் இயற்பியலின் அடிப்படை விதி. ஊகம் பிசகியும் கணக்கு பிசகவில்லை. அம்புக்குறி ஏன் தலைகீழாக இருக்கிறது என்று குழந்தைகள் கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.