‘அஃபோர்டன்ஸ்’: ஒரு கலைச்சொல்லின் பொருள் மாற்றம்

பயனர் அனுபவ வடிவமைப்புத் துறையில் மிகுதியாக வழங்கும் கலைச்சொற்களுள் ‘அஃபோர்டன்ஸ்’ ஒன்று. திரையில் பொத்தானை வரைந்த வடிவமைப்பாளர், அதற்கு அஃபோர்டன்ஸைச் ‘சேர்த்துவிட்டதாக’க் கூறுவது வழக்கம். அச்சொல்லை ஆக்கிய அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஜெ. கிப்சனின் கோட்பாட்டில் இவ்வழக்கிற்கு இடமில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவ வான்படைக்காக விமானிகளின் காட்சிப்புலனை ஆராய்ந்தவர் கிப்சன். தரையிறங்கும் விமானிக்கு உதவுவது தனிப்பொருள்களின் தொலைவன்று, பரந்து கிடக்கும் தரைப்பரப்பே என்னும் முடிவுக்கு அவர் வந்தார். ஸ்மித் கல்லூரியில் அவருடன் பணியாற்றிய குர்ட் காஃப்கா, பொருள்கள் காண்பவரிடம் ஒன்றைக் கோருகின்றன என்றும், தேவை தீர்ந்ததும் அக்கோரிக்கை மறையும் என்றும் கருதினார். கிப்சன் இதன் பிற்பகுதியை மறுத்தார். அஞ்சல் இட வேண்டிய தேவை இல்லாதபோதும் அஞ்சற்பெட்டி கடிதம் இடுவதற்குரியதே. ஆயினும் அத்தன்மை பொருளில் மட்டும் உறைவதன்று. உயிரிக்கும் சூழலுக்கும் இடையிலான உறவு அது. பெரியவருக்கு இருக்கையாகும் உயரம் குழந்தைக்கு ஆகாது. இக்கோட்பாட்டை விரிவாக முன்வைத்த அவரது நூல் 1979இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

1988இல் டொனால்ட் நார்மன் இச்சொல்லை வடிவமைப்புத் துறைக்குக் கொணர்ந்தார். தள்ளுவதா இழுப்பதா என்று குழப்பும் கதவுகளைச் சான்றாக்கி, பிழை பயனருடையதன்று, வடிவமைப்பினுடையது என அவர் வாதிட்டார். அவ்வாதத்தின் வலிமையே சொல்லைப் பரப்பியது எனலாம். ஆனால் பொருளின் உண்மைப் பண்பையும் உணரப்படும் பண்பையும் அவர் ஒரே வரையறைக்குள் அடக்கியதால் கிப்சனின் உறவுக் கருத்து மங்கியது. 1991இல் வில்லியம் கேவர் இவ்விரண்டையும் பிரித்து, உணரத்தக்கவை, மறைந்தவை, பொய்யானவை என வகைப்படுத்தினார். 1999இல் நார்மனே சொல்லின் தவறான ஆட்சியைக் கண்டித்து எழுதினார். 2013இல் தம் நூலின் திருத்திய பதிப்பில், செயலுக்குரிய இடத்தைச் சுட்டும் அடையாளத்திற்குச் ‘சிக்னிஃபையர்’ என்னும் சொல்லைப் புகுத்தினார். சசூரின் வழி ‘குறிப்பான்’ என அச்சொல்லை அறிந்த தமிழ்த் திறனாய்வாளர்க்கு இது புதுக் குழப்பம் தரக்கூடும். நார்மனின் ஆட்சி மொழியியலார் ஆட்சியோடு முற்றும் பொருந்துவதன்று.

இது வெறும் சொற்பூசல் அன்று. பண்பு பொருளிலேயே உள்ளதெனக் கொண்டால், யாருக்கு என்னும் வினா எழுவதில்லை. பார்வையுள்ளவர் அழுத்தும் பொத்தான், எழுத்து விளக்கமற்ற வெறும் படமாக இருப்பின், திரைவாசிப்பு மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்குப் பொத்தானாகவே அமைவதில்லை.